கேவிஎம்ல ஃபயர்வால் மேனேஜர் விஎம் மக்கர் பண்ணுதா? அறிகுறியைப் பாத்து ஆளைப் பிடிக்கலாம்

கேவிஎம் (லினக்ஸ் மெஷின்ல விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், ஓட்ட உதவுறது) ஹோஸ்ட்ல ஒரு ஃபயர்வால் மேனேஜ்மென்ட் அப்ளையன்ஸை (ஃபயர்வால்களை ஒரே எடத்துல இருந்து நிர்வகிக்கற ரெடிமேட் விஎம்) ஏத்துறது, சொல்லக் கேட்டா அரை மணி நேர வேலை மாதிரிதான் இருக்கும். க்யூகவ்2 இமேஜை (விஎம்மோட டிஸ்க் ஃபைல்) டவுன்லோட் பண்ணு, விர்ட்-இன்ஸ்டால்ல (விஎம் உருவாக்குற கமாண்ட்) இம்போர்ட் போடு, பூட் ஆனதும் பிரவுசர்ல திற, முடிஞ்சது. ஆனா முதல் தடவையே அப்படி முடிஞ்ச ஆளை நான் இன்னும் பாக்கல. ஒன்னு விஎம் எழும்பாது, இல்ல எழும்பி கருப்பு ஸ்க்ரீனைக் காட்டிட்டு கம்முனு நிக்கும், இல்ல எல்லாம் ஓடுற மாதிரியே இருக்கும் ஆனா வெப் பேஜ் மட்டும் வராது.

இதுல சங்கடம் என்னன்னா அப்ளையன்ஸ்ங்கறது பூட்டுன பெட்டி. சாதாரண லினக்ஸ் விஎம்னா உள்ள பூந்து லாக் பாக்கலாம், டூல் எதாச்சும் இன்ஸ்டால் பண்ணலாம், இங்க பூட் ஆகி லாகின் வர்ற வரைக்கும் கையில ஒன்னும் கெடையாது. அதனால நான் பழகிக்கிட்ட வழி, பெட்டியை வெளிய இருந்து, அதாவது ஹோஸ்ட்ல இருந்து பாக்குறது. சாதாரண விர்டியோ (விஎம்முக்குன்னே இருக்கற டிஸ்க், நெட்வொர்க் முறை) செட்டப்ல ஹோஸ்ட்டைத் தாண்டாம அந்த விஎம்மால ஒரு பாக்கெட் அனுப்ப முடியாது, ஒரு பைட் டிஸ்க்ல எழுத முடியாது. என்கிட்ட வந்த கேஸ்ல முக்கால்வாசி ஹோஸ்ட் பக்கக் கோளாறுதான், திட்டு வாங்குனது மட்டும் அப்ளையன்ஸ்.

ஆரம்பிக்கும்போதே ரெண்டு விஷயம். டவுன்லோட் ஆன இமேஜோட ஷா256 செக்சம்மை ஒருதடவை ஒப்பிட்டுப் பாத்துருங்க, பாதில அறுந்த டவுன்லோட வச்சுக்கிட்டு ஒரு நாளை ஓட்டுனவங்க இருக்காங்க (நானும்தான்). அப்புறம் ஒரிஜினல் இமேஜை அப்படியே பூட் பண்ணாதீங்க, காப்பி எடுத்து அதை பூட் பண்ணுங்க. இந்த மாதிரி அப்ளையன்ஸ் முதல் பூட்ல கீ, சர்டிஃபிகேட், டேட்டாபேஸ்னு எல்லாத்தையும் டிஸ்க்ல எழுதிரும், திரும்ப சுத்தமா ஆரம்பிக்கணும்னா தொடாத காப்பி ஒன்னு இருக்கணும்.

ஸ்டார்ட் பண்ணும்போதே எரர்

விர்ட்-இன்ஸ்டால் 4.0ல இருந்து ஓஎஸ் பேரு சொல்லியே ஆகணும்னு அடம்பிடிக்கும், ஓஎஸ்இன்ஃபோ வேணும்னு கேட்டு நின்னுரும். அப்ளையன்ஸுக்கு அந்த லிஸ்ட்ல பேரு இருக்காது. பொதுவான லினக்ஸ் ஒன்னைக் குடுக்கலாம், இல்லன்னா டிடெக்ட் ஆன், ரெக்வயர் ஆஃப்னு அந்த ஆப்ஷனுக்கே மதிப்பு குடுத்துட்டுப் போயிரலாம்.

பர்மிஷன் டினைட்னு வந்தா, இமேஜை உங்க ஹோம் ஃபோல்டர்ல வச்சிருக்கீங்கன்னு அர்த்தம், பத்துக்கு ஒன்பது தடவை இதான். விஎம்மை ஓட்டுறது நீங்க இல்ல, க்யூஎமுங்கற ப்ரோக்ராம்; அது ரெட்ஹேட் குடும்பத்துல க்யூஎமுன்னு ஒரு யூசர், உபுண்டுல லிப்விர்ட்-க்யூஎமுன்னு ஒரு யூசர். அவங்களால உங்க ஹோமுக்குள்ள நுழைய முடியாது. உடனே 777 (எல்லாருக்கும் எல்லா பர்மிஷனும்) போடுற ஆளுங்க இருக்காங்க, போடாதீங்க, இமேஜை லிப்விர்ட்டோட (விஎம்களை நிர்வகிக்கற சர்வீஸ்) டீஃபால்ட் இமேஜஸ் ஃபோல்டருக்கு நகர்த்துங்க. நகர்த்துன பிறகும் அதே எரர் வந்தா எஸ்இலினக்ஸ் (லினக்ஸோட கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) லேபிள், ரிஸ்டோர்கான் ஒருதடவை ஓட்டுனா சரியாயிரும், எம்வி பண்ணும்போது பழைய லேபிள் கூடவே வந்துரும்ங்கறதுதான் காரணம்.

கேவிஎம்மே இல்லன்னு சொன்னா பயாஸ்ல விர்ச்சுவலைசேஷன் அணைஞ்சிருக்கும். டெவ் ஃபோல்டர்ல கேவிஎம்னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாருங்க, அது போதும். ஹோஸ்ட்டே இன்னொரு ஹைப்பர்வைசர் மேல ஓடுற விஎம்மா இருந்தா அங்க நெஸ்டட் (விஎம்முக்குள்ள விஎம்) ஆன் பண்ணணும். இது இல்லாமலும் விஎம் சில சமயம் ஓடும், க்யூஎமு எல்லாத்தையும் சாஃப்ட்வேர்லயே எமுலேட் பண்ணும், ஆனா பூட் ஆகுறதுக்குள்ள உங்களுக்கு வயசாயிரும்.

பூட் பண்ண டிஸ்க் இல்லங்குது, இல்ல யூஈஎஃப்ஐ ஷெல்ல வந்து நிக்குது

ஷெல் பிராம்ப்ட் வந்து நிக்குதுன்னா இமேஜ் பழைய பயாஸ் முறைக்குக் கட்டுனது, நீங்க ஓவிஎம்எஃப், அதாவது யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் குடுத்திருக்கீங்க. பயாஸுக்கு மாத்துங்க. நோ பூட்டபிள் டிவைஸ்னு வந்தா அதையே உல்டாவா யோசிங்க.

டிஸ்க் தெரியுது, கெர்னலும் லோட் ஆகுது, ஆனா ரூட் ஃபைல்சிஸ்டம் கெடைக்கலன்னு பாதில விழுந்தா டிஸ்க் பஸ்ஸைப் பாருங்க. அப்ளையன்ஸோட கெர்னல்ல எந்த டிரைவர் இருக்கோ அதுக்குத்தான் டிஸ்க் கண்ணுல படும். விர்டியோல போகலன்னா சாட்டா, அதுலயும் இல்லன்னா ஐடிஈ, மூணையும் மாத்திப் பாக்க அஞ்சு நிமிஷம் ஆகாது. டாக்குமென்ட்ல எது சப்போர்ட்னு போட்டிருக்கோ கடைசில அதுலதான் நிறுத்தணும், ஓடுதேன்னு ஐடிஈல விட்டுட்டுப் போனா பின்னாடி டேட்டாபேஸ் நத்தை மாதிரி நகரும்.

க்ரப் வந்துச்சு, அப்புறம் கருப்பு

இதைப் பாத்து ஹேங் ஆயிருச்சுன்னு நெனச்சு ரீபூட் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. ஹேங் இல்லங்க. நிறைய அப்ளையன்ஸ் க்ரப்புக்கு (பூட் மெனு) அப்புறம் பேச்சை எல்லாம் சீரியல் கன்சோலுக்கு மாத்திரும், நீங்க விஎன்சில (விஎம்மோட ஸ்க்ரீனைக் காட்டுற ஜன்னல்) உக்காந்து கருப்பை ரசிச்சுக்கிட்டு இருப்பீங்க. விர்ஷ் (லிப்விர்ட்டோட கமாண்ட்) கன்சோல்னு அடிச்சு விஎம் பேரைக் குடுங்க, ஒருதடவை என்டர் தட்டுங்க, லாகின் பிராம்ப்ட் அங்க காத்துக்கிட்டு இருக்கும். வெளிய வர்றதுக்கு கன்ட்ரோலோட வலது சதுர அடைப்புக்குறி. விஎம்ல சீரியல் போர்ட்டே குடுக்கலன்னா முதல்ல அதைச் சேத்துட்டுப் பாருங்க.

ரெண்டு பக்கமும் மௌனம்னா மட்டும் விர்ஷ் டொம்ஸ்டாட்ஸ் ஓட்டிப் பாருங்க. சிபியு டைமும் டிஸ்க்ல எழுதுன அளவும் பத்து செகண்டுக்கு ஒருதடவை பாக்கும்போது ஏறிக்கிட்டே இருந்தா உள்ள வேலை நடக்குது, காத்திருங்க. சிபியு மட்டும் ஒரு கோர் முழுசா ஏறி டிஸ்க் அப்படியே நின்னா அப்பதான் நெஜமாவே மாட்டியிருக்கு.

பூட் ஆகுது, ஆனா உள்ள சர்வீஸ் செத்து செத்து எழும்புது

இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்னு கன்சோல்ல எங்கயாச்சும் கண்ணுல பட்டா சந்தேகமே வேணாம், சிபியு மாடல். விஎம்முக்கு க்யூஎமு64 மாதிரி ஒரு பொதுவான சிபியு குடுத்திருப்பீங்க, அதுல எஸ்எஸ்ஈ4.2, ஏவிஎக்ஸ் மாதிரி இன்ஸ்ட்ரக்ஷன் எல்லாம் இருக்காது. ஹோஸ்ட் சிபியுல இருக்கும், விஎம்முக்குக் காட்டல, அவ்ளோதான். மேனேஜ்மென்ட் அப்ளையன்ஸ் உள்ள ஒரு டேட்டாபேஸ் இருக்கும், மோங்கோடிபி 5.0 மாதிரி சிலது ஏவிஎக்ஸ் இல்லாம எழும்பவே எழும்பாது. ஹோஸ்ட்-பாஸ்த்ரூ குடுத்துட்டு விஎம்மை முழுசா ஷட்டவுன் பண்ணி ஸ்டார்ட் பண்ணுங்க. உள்ள இருந்து ரீபூட் பண்ணா பத்தாது, விஎம்மோட செட்டிங் இருக்கற எக்ஸ்எம்எல்ல பண்ண மாத்தம் புது க்யூஎமு ப்ராசஸ் பொறந்தாத்தான் ஏறும்.

இன்னொன்னு மெமரி. சாதாரண ஃபயர்வால் விஎம் 4 ஜிபி, 8 ஜிபில ஓடுதேன்னு மேனேஜருக்கும் அதே குடுத்துருவாங்க. மேனேஜர்ங்கறது அடிப்படைல ஒரு டேட்டாபேஸ் சர்வர், பசி ஜாஸ்தி. உதாரணத்துக்கு சிஸ்கோவோட எஃப்எம்சி (ஃபயர்வால் மேனேஜ்மென்ட் சென்டர்) விர்ச்சுவலுக்கு கொறஞ்சது 28 ஜிபி ரேம், 32 இருந்தா நல்லதுங்கறாங்க, டிஸ்க் 250 ஜிபி. இதை 32 ஜிபி ரேம் உள்ள ஹோஸ்ட்ல ஏத்திட்டு கூடவே வேற நாலு விஎம் ஓட்டுனா என்ன ஆகும்? ஒரு ராத்திரி விஎம் காணாமப் போயிருக்கும், அப்ளையன்ஸ் லாக்ல ஒரு வரி கூட இருக்காது, ஏன்னா செத்தவன் லாக் எழுத மாட்டான். ஹோஸ்ட்ல டிமெசேஜ்ல அவுட் ஆஃப் மெமரின்னு தேடுங்க, க்யூஎமு பேரோட வரி நிக்கும்.

லாகின் வருது, வெப் பேஜ் வரல

முதல்ல பொறுமை. முதல் பூட்ல டேட்டாபேஸ் கட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகுறதெல்லாம் சகஜம், சுழலுற டிஸ்க்கா இருந்தா இன்னும் மேல. அதுக்குள்ள பொறுக்காம பவரைப் பிடுங்குனா பாதி கட்டுன டேட்டாபேஸோட மறுபடி முதல்ல இருந்துதான். ஹெச்டிடிபிஎஸ் சேத்து அடிச்சீங்களான்னும் ஒருதடவை பாத்துக்கங்க, 80ல எதுவும் கேக்காத பெட்டி நிறைய.

பொறுமையும் தீந்துருச்சுன்னா நெட்வொர்க். இங்கதான் நேரம் எல்லாம் போகும், அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். யாரால போக முடியுது, யாரால முடியல, இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. ஹோஸ்ட்ல இருந்து ஒரு பிங், வேற மெஷின்ல இருந்து ஒரு பிங், விஎம் உள்ள இருந்து கேட்வேக்கு ஒரு பிங்.

விஎம்ல இருந்து வெளிய எல்லாம் போகுது, வெளிய இருந்து மட்டும் உள்ள வர முடியலன்னா நீங்க லிப்விர்ட்டோட டீஃபால்ட் நெட்வொர்க்ல இருக்கீங்க. விர்பிஆர்0ன்னு ஒரு பிரிட்ஜ் (ஹோஸ்ட்டுக்குள்ள ஒரு சாஃப்ட்வேர் ஸ்விட்ச்), 192.168.122 சீரிஸ்ல ஐபி, எல்லாம் நாட் (உள்ள இருக்கற ஐபியை ஹோஸ்ட் ஐபியா மாத்தி அனுப்புறது) பின்னாடி. ஹோஸ்ட்ல இருந்து மட்டும் வெப் பேஜ் அழகா வரும், அதைப் பாத்து ஏமாந்துராதீங்க. மேனேஜரைத் தேடி ஃபயர்வால் வரணும், நாட் பின்னாடி வச்சா அது பெருந்தலைவலி, நிஜமான பிரிட்ஜ் போடுங்க. போடும்போது ஐபி பிரிட்ஜ்ல இருக்கணும், ஃபிசிக்கல் கார்டுல இல்ல. இதை ரிமோட்ல எஸ்எஸ்ஹெச்ல இருந்துகிட்டு பண்றவங்க, உபுண்டுல நெட்வொர்க் செட்டிங்குக்கு நெட்பிளான் இருந்தா, நெட்பிளான் அப்ளை அடிக்காம நெட்பிளான் ட்ரை அடிங்க, 120 செகண்டுக்குள்ள நீங்க உறுதி பண்ணலன்னா பழையபடி திரும்பிரும்னு கணக்கு. பிரிட்ஜ் விஷயத்துல சில சமயம் முழுசா திரும்பாமலும் போகும், அதனால கன்சோல் ஒன்னு கைவசம் இருந்தா தைரியமா பண்ணலாம்.

மத்த மெஷின் எல்லாம் விஎம்முக்குப் போகுது, ஹோஸ்ட்டால மட்டும் முடியலன்னா மேக்விடேப் (பிரிட்ஜ் இல்லாம விஎம்மை நேரா ஃபிசிக்கல் கார்டுல மாட்டுற முறை). அது கோளாறே இல்ல, மேக்விடேப்போட குணமே அப்படித்தான், ஹோஸ்ட்டும் விஎம்மும் அதே கார்டு வழியா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்க மாட்டாங்க. ஹோஸ்ட்ல இருந்து அணுகணும்னா பிரிட்ஜுக்கு மாறுங்க.

இப்ப அதோட உல்டா, என்னை ஒரு சாயங்காலம் முழுக்க அலைய விட்டது. ஹோஸ்ட்ல இருந்து விஎம்முக்கு பிங் போகுது. வேற எந்த மெஷின்ல இருந்தும் போகல. பிரிட்ஜ் சரி, கேபிள் சரி, ஸ்விட்ச் போர்ட் சரி. டிசிபிடம்ப்பை (போற வர்ற பாக்கெட்டைக் காட்டுற டூல்) ரெண்டு ஜன்னல்ல போட்டேன், ஒன்னு ஃபிசிக்கல் கார்டுல, இன்னொன்னு விஎம்மோட விநெட் இன்டர்ஃபேஸ்ல. வெளி மெஷின்ல இருந்து பிங் அடிச்சா ஏஆர்பி (இந்த ஐபி யாரோட மேக் அட்ரஸ்னு கேக்கறது) கேள்வி ரெண்டு ஜன்னல்லயும் வருது, பதிலும் ரெண்டுலயும் வருது, மேக் அட்ரஸ் 52:54:00ல ஆரம்பிக்குது, ஆக நம்ம விஎம்தான் பதில் சொல்லுது. அடுத்து எக்கோ ரெக்வஸ்ட், ஃபிசிக்கல் கார்டு ஜன்னல்ல செகண்டுக்கு ஒன்னா வரிசையா வருது, விநெட் ஜன்னல் அப்படியே உறைஞ்சு நிக்குது. ஏஆர்பி போற வழில ஐபி போகலன்னா நடுவுல யாரோ ஐபியை மட்டும் பிடிக்கிறாங்க.

அந்த யாரோ, டாக்கர் (கன்டெய்னர் ஓட்டுற சாஃப்ட்வேர்). வேற எதுக்கோ யாரோ அந்த ஹோஸ்ட்ல இன்ஸ்டால் பண்ணி வச்சிருந்தாங்க. டாக்கர் வந்தா ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட ஃபயர்வால் ரூல்) ஃபார்வர்ட் செயினோட பாலிசியை டிராப்னு மாத்திரும், கூடவே பல சமயம் பிஆர்-நெட்ஃபில்டர் மாட்யூலும் லோட் ஆயிருக்கும், அது இருந்தா பிரிட்ஜ்ல போற பாக்கெட்டையும் கெர்னல் ஐபிடேபிள்ஸ்கிட்ட காட்டிட்டுத்தான் விடும். ஏஆர்பி ஐபிடேபிள்ஸ் வழியா போறதில்ல, அதனால தப்பிச்சிருச்சு. ஹோஸ்ட்ல இருந்து அடிச்ச பிங் ஃபார்வர்ட் கணக்குல வராது, அதுவும் தப்பிச்சிருச்சு. சிஸ்சிடிஎல்ல பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸை 0 ஆக்குனதும் ரெண்டாவது ஜன்னல் மளமளன்னு ஓட ஆரம்பிச்சது. அதை அணைச்சா அந்த ஹோஸ்ட்ல கன்டெய்னருக்கு நடுவுல இருக்கற தடுப்பு ரூல் சிலதும் வேலை செய்யாமப் போகும், அதனால டாக்கரும் அங்க முக்கியம்னா அணைக்காம டாக்கர்-யூசர் செயின்ல உங்க பிரிட்ஜுக்கு மட்டும் அனுமதி ரூல் போடுங்க.

விஎம்முக்கு ஒன்னுக்கு மேல கார்டு குடுத்திருந்தா மேனேஜ்மென்ட் கார்டு எதுன்னு நீங்க நெனைக்கறதும் அப்ளையன்ஸ் நெனைக்கறதும் ஒன்னா இருக்கணும்னு அவசியம் இல்ல. விர்ஷ் டொமிஃப்லிஸ்ட்ல வர்ற மேக் அட்ரஸையும் அப்ளையன்ஸ் கன்சோல் காட்டுற மேக் அட்ரஸையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. கார்டுல கேபிள் மாத்திச் சொருகுன கதைதான், கேபிள் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

டே ஜீரோ ஃபைல் குடுத்தேன், கண்டுக்கவே இல்ல

ஹோஸ்ட்நேம், ஐபி, பாஸ்வேர்ட் எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி ஐஎஸ்ஓவா மாத்தி சிடியா மாட்டி விடுறது. இதை முதல் பூட்ல மட்டும்தான் படிக்கும். ஒருதடவை தெரியாம சிடி இல்லாம பூட் பண்ணிட்டீங்கன்னா அப்புறம் எத்தனை தடவை மாட்டுனாலும் திரும்பிப் பாக்காது, ஆரம்பத்துல எடுத்து வச்ச காப்பிக்குப் போங்க. ஃபைல் பேரு டாக்குமென்ட்ல இருக்கறபடி எழுத்துக்கு எழுத்து இருக்கணும், ஐஎஸ்ஓ பண்ணும்போது ராக்ரிட்ஜ் ஆப்ஷன் போடலன்னா பேரை சுருக்கி பெரிய எழுத்துல மாத்திரும், அப்ளையன்ஸுக்கு அது வேற ஃபைல். ஐஎஸ்ஓவை ஹோஸ்ட்ல மவுன்ட் பண்ணி பேரை கண்ணால பாத்துட்டு மாட்டுங்க. ஃபைலை விண்டோஸ்ல எழுதியிருந்தா வரி முடிவையும் மாத்திருங்க.

நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு உறைஞ்சிருச்சு

பிங் இல்ல, கன்சோல்ல அடிச்சா எழுத்து விழல, ஆனா விர்ஷ் லிஸ்ட்ல விஎம் இருக்கு. ரீசெட் பண்றதுக்கு முன்னாடி, தயவுசெஞ்சு, விர்ஷ் டொம்ஸ்டேட்டை ரீசன் ஆப்ஷனோட ஓட்டுங்க. பாஸ்ட், ஐஓ எரர்னு வந்தா கையை எடுத்துருங்க, விஎம் சாகல, க்யூஎமு நிறுத்தி வச்சிருக்கு. ஹோஸ்ட்ல டிஸ்க் நெறஞ்சிருச்சு. விர்ஷ் டொம்ப்ளக்எரர்னு ஒன்னு இருக்கு, எந்த டிஸ்க்ல எடம் இல்லன்னு அதுவே சொல்லும்.

க்யூகவ்2 மெலிசான ஃபைல்ங்கறதால வர்ற வினை இது. க்யூஎமு-இமேஜ் இன்ஃபோ போட்டா ரெண்டு சைஸ் காட்டும், விஎம்முக்கு சொன்னது 250 ஜிபி, ஹோஸ்ட்ல இப்ப எடுத்துக்கிட்டது 40 ஜிபி. ஹோஸ்ட்ல 100 ஜிபி காலியா இருக்கேன்னு நிம்மதியா இருப்பீங்க, மேனேஜர் ஈவன்ட் லாக்கை சேத்து சேத்து ஒரு நாள் முட்டும். உள்ள லாக்கை அழிச்சாலும் ஃபைல் சுருங்காது, டிஸ்கார்ட் ஆப்ஷனை அன்மேப்னு வச்சு உள்ள ட்ரிம்மும் நடந்தாதான் சுருங்கும். இப்போதைக்கு ஹோஸ்ட்ல எடத்தைக் காலி பண்ணிட்டு விர்ஷ் ரிஸ்யூம் அடிங்க, தூக்கத்துல இருந்து எழுந்த மாதிரி விட்ட எடத்துல இருந்து ஓடும். அதையே ரீசெட் அடிச்சிருந்தா டேட்டாபேஸ் பாதி எழுத்துல அறுந்திருக்கும். எழுந்ததும் மணியை மட்டும் பாருங்க, தூங்குன நேரம் அதுக்குத் தெரியாது.

மேனேஜர் ரெடி, ஃபயர்வால் மட்டும் ரிஜிஸ்டர் ஆகல

மணின்னு சொன்னேன்ல, இங்கயும் முதல்ல அதான். ரெண்டு பெட்டியும் சர்டிஃபிகேட் வச்சுத்தான் பேசிக்கும், மணி ஒத்துப்போகலன்னா சர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடி ஆகலன்னு கதவை சாத்திரும். விஎம் எக்ஸ்எம்எல்ல க்ளாக் ஆஃப்செட் லோக்கல்டைம்னு இருந்தா உங்க டைம்ஸோன் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு மணி நேரம் தள்ளி எழும்பும், யூடிசின்னு மாத்துங்க, என்டிபியும் (மணியைச் சரியா வைக்கற சர்வீஸ்) குடுங்க. மணி முன்னாடி ஓடும்போது முதல் பூட்ல உருவான சர்டிஃபிகேட் வருங்காலத் தேதியோட பொறந்திருக்கும், மணியைத் திருத்துனா அது தானா மாறாது, புதுசா உருவாக்கணும், இல்ல அந்த நேரம் தாண்டுற வரைக்கும் உக்காந்திருக்கணும்.

அப்புறம் போர்ட். 443 தெறந்திருக்கு, வெப் பேஜ் வருதுன்னா எல்லாம் தெறந்திருக்குன்னு ஆகாது, எஃப்எம்சி மாதிரி ஆளுங்க டிவைஸோட பேச டிசிபி 8305 வேணும், ரெண்டு பக்கமும். போர்ட் தெறந்திருக்கு, மணி சரி, ஆனா கனெக்ஷன் ஆரம்பிச்சு பாதில தொங்குதுன்னா எம்டியுவை (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) சந்தேகப்படுங்க. நடுவுல விஎக்ஸ்லேன் (ஒரு நெட்வொர்க்கோட பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள்ள சுத்தி அனுப்புறது) இருந்தா ஐபிவி4ல 50 பைட் போயிரும், 1500 போகும்னு நம்பி அனுப்புற பெரிய பாக்கெட் வழில காணாமப் போகும், சின்ன பிங் எல்லாம் சிரிச்சுக்கிட்டே போகும். துண்டாக்காதேன்னு சொல்லி 1472 பைட்ல ஒரு பிங் அடிங்க, அது போகாம 1422 போச்சுன்னா விஎம் கார்டோட எம்டியுவை 1450 ஆக்குங்க.

ஹோஸ்ட் ரீபூட்டுக்கு அப்புறம் விஎம் வரல

விர்ஷ் ஆட்டோஸ்டார்ட் போட மறந்திருப்பீங்க, போட்டுருங்க. பிரிட்ஜும் ரீபூட்டுக்குத் தாங்குதான்னு பாருங்க, ஐபி கமாண்ட்ல கையால பண்ண பிரிட்ஜ் ரீபூட்ல போயிரும். ஹோஸ்ட்டை அணைக்கும்போது விஎம்மை ஒழுங்கா ஷட்டவுன் பண்ண லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸ் இருக்கு, அதோட டைம்அவுட்டை மேனேஜருக்கு ஏத்த மாதிரி நீட்டி வைங்க, இவரு அணையறதுக்கே பல நிமிஷம் எடுத்துக்குவாரு. விர்ஷ் டெஸ்ட்ராய்ங்கற பேரைப் பாத்து விஎம் அழிஞ்சிருமோன்னு பயப்பட வேணாம், அது வெறும் பவரைப் பிடுங்குறதுதான், ஆனா இந்த அப்ளையன்ஸுக்கு அதுவே போதும் டேட்டாபேஸ் கெட்டுப்போறதுக்கு, ஷட்டவுனுக்கு அசையலன்னா கன்சோல்ல லாகின் பண்ணி உள்ள இருந்தே அணைங்க.